காலைப் பறிப்பது கத்தியா, காலதாமதமா?



உங்கள் வகுப்பில் ஒருவனுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "கபடியில் அடிபட்டிருக்கும்" என்பார்கள் நண்பர்கள். "வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்பார் பாட்டி. எங்கள் வடமதுரைப் பக்கத்தில் சுளுக்கு வழிப்பதில் கைதேர்ந்த பெரியவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் அழைத்துப் போனால் எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். பெரும்பாலும் இவர்கள் எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கும். பத்து நாளில் வலி மறைந்து பையன் மறுபடி ஆடுகளத்தில் நிற்பான்.

மிக மிக அரிதாக அப்படி நடப்பதில்லை. வலி போவதில்லை, இரவில் கூடுகிறது. சில வாரங்களில் அவ்விடம் வீங்கத் தொடங்குகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பின் ஓரத்தில் சூரியக் கதிர்கள் விரிந்தாற்போல் ஒரு தோற்றம் தெரிகிறது. எலும்புப் புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். உடனே வீட்டாருக்கு எழும் கேள்வி, "காலை எடுத்துவிடுவார்களா?" என்பதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்நோய் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோரின் காலை இன்று காப்பாற்ற முடியும். உலகின் சிறப்பு மையங்களில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கால் காக்கப்படுகிறது. நம் நாட்டிலும் அதற்கான கைத்திறன் இருக்கிறது. அப்படியிருந்தும் கால் போகிறதென்றால், நோயின் கொடுமை மட்டும் அதற்குக் காரணமன்று. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள்' என்று அஞ்சி வேறு வேறு இடங்களில் கழித்த வாரங்களும் காரணம். எதற்குப் பயந்தோமோ அதை அந்தப் பயமே கொண்டுவந்து சேர்க்கிறது!

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. பிள்ளைகளுக்கு வரும் எலும்புப் புற்றுநோய்களில் முதன்மையானது ஆஸ்டியோசார்கோமா. எலும்பை உருவாக்க வேண்டிய செல்கள் நெறிகெட்டுப் பெருகுவதே இது. நீங்கள் மளமளவென்று உயரும் வயதில்தான், அதாவது 10 முதல் 20 வயதுக்குள், இது மிகுதியாக வருகிறது. உடலில் மிக விரைவாக நீளும் எலும்புப் பகுதிகள் முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ளவை. நோயும் பெரும்பாலும் அங்கேயே தோன்றுகிறது. ஒட்டுவார்ஒட்டி நோயன்று, அடிபட்டதால் வருவதும் அன்று. அடிபட்ட இடத்தை எக்ஸ்ரே எடுக்கும்போது முன்பே இருந்தது கண்ணில் படுவதுண்டு, அவ்வளவே.

எவ்வளவு அரிது என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 20 வயதுக்குட்பட்ட பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 பேருக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்ட மக்கள்தொகை சுமார் 21.6 லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்கினர் இவ்வயதினர் என்று கொண்டால், மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு மூன்று பிள்ளைகள். எனவே முழங்கால் வலித்தவுடன் நீங்கள் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஓர் ஊரின் மருத்துவரோ சுளுக்கு வழிப்பவரோ தம் வாழ்நாளிலேயே இந்நோயை ஒரு தடவைதான் பார்க்கக்கூடும், பார்க்காமலும் போகலாம். ஆகவே அவர்களுக்கு முதலில் ஐயம் எழாததில் வியப்பில்லை.

காலை எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் ஒரு காலத்தில் முற்றிலும் நியாயமானது. 1970 வரையில் உலகெங்கும் இதற்குச் சிகிச்சை என்றால் காலை வெட்டுவதுதான். வெட்டியும் பயன் குறைவு. ஐவரில் நால்வர் ஓரிரு ஆண்டுகளில் நுரையீரலில் நோய் தோன்றி இறந்தார்கள். கால் வெட்டப்படும்போதே கண்ணுக்குத் தெரியாத நோயணுக்கள் குருதி வழியாக நுரையீரலை அடைந்திருந்தன. இல்லாத இடத்தை வெட்ட முடியுமா? குருதியிலேயே சென்று தாக்கும் மருந்து தேவைப்பட்டது.

அம்மருந்துகளில் ஒன்றின் கதை இயற்பியல் படிப்பவர்களுக்கு இனிப்பது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் இருந்தார். அடிப்படையில் இயற்பியலாளர். செல் இரண்டாகப் பிரியும்போது அதனுள் தோன்றும் இழைகள், சட்டக் காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அமையும் கோலத்தைப் போல இருப்பதைக் கண்டார். அப்படியானால் மின்புலம் செல்பிரிவைப் பாதிக்குமோ என்று ஐயுற்றார். பாக்டீரியாக்கள் வளரும் திரவத்தில் பிளாட்டினத் தகடுகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிரியவில்லை, இழை இழையாக, இயல்பான நீளத்தைப் போல் 300 மடங்கு வரை நீண்டுகொண்டே போயின! மின்புலத்தின் வேலை என்று நினைத்தால், இல்லை. தகட்டிலிருந்து சிறிதளவு பிளாட்டினம் கரைந்து, திரவத்திலிருந்த அம்மோனியம் குளோரைடுடன் வினைபுரிந்து உண்டான சேர்மம்தான் பிரிதலைத் தடுத்தது. 1965-இல் இம்முடிவு வெளியாயிற்று. பிரிந்து பிரிந்து பெருகுவதுதானே புற்றுநோய்? சிஸ்பிளாட்டின் என்ற அச்சேர்மம் 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. எலும்புப் புற்றுநோய்க்கான முதன்மை மருந்துகளில் ஒன்றாக இன்றும் அது விளங்குகிறது. தவறான கேள்வி கேட்டுச் சரியான விடை பெற்றார் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். விடை எதிர்பாராததாக இருந்தபோதும் விடாமல் காரணத்தைத் தேடினாரே, அதுவல்லவா அறிவியல்!

மருந்துகள் உண்மையிலேயே பயன்படுகின்றனவா என்று ஐயுற்றவர்களும் இருந்தார்கள். 1982-க்கும் 1984-க்கும் இடையே அமெரிக்காவில் ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. அறுவைக்குப் பின் மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 17 பேரே இரண்டாண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் இருந்தார்கள். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 66 பேர். இன்று நுரையீரலுக்குப் பரவுமுன் வந்து முழுச் சிகிச்சையும் பெறுபவர்களில் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் பிழைக்கிறார்கள். பரவியபின் வருபவர்களில் பிழைப்போர் மிகக் குறைவு. தாமதத்தின் விலை கால் மட்டுமன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி, கால் எவ்வாறு காப்பாற்றப்பட்டது என்று பார்ப்போம். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், நோயுற்ற எலும்பை மட்டும் எடுத்துவிட்டு அவ்விடத்தில் உலோக எலும்பைப் பொருத்தலாம் என்று முயன்றார்கள். ஆனால் உலோக எலும்பை ஒவ்வொருவர் அளவுக்கும் தனித்தனியே செய்ய இரண்டு மூன்று மாதங்கள் ஆயின. அதுவரை நோயைச் சும்மா விட்டுவைக்கலாமா? ஜெரால்டு ரோசன் என்ற மருத்துவர் அந்த இடைவெளியில் மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார். பட்டறையின் தாமதத்தை நிரப்பச் செய்த ஏற்பாடு இது! பின்னர் அறுவையில் எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மருந்து எத்தனை விழுக்காடு நோயணுக்களைக் கொன்றிருக்கிறது என்பதையும் அறிய முடிந்தது. நூற்றுக்கு 90-க்கு மேல் அழிந்திருந்தால் நல்ல அறிகுறி. இன்று உலகெங்கும் முதலில் மருந்து, பிறகு அறுவை, மீண்டும் மருந்து என்ற வரிசையே பின்பற்றப்படுகிறது.

காலைக் காப்பாற்றப் போய் உயிரை விடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1986-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தொடை எலும்பின் கீழ்முனையில் இந்நோய் கண்ட 227 பேர் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டார்கள். காலை வெட்டியவர்களுக்கும் காத்தவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே நிபந்தனை, கட்டியைச் சுற்றி நலமான திசுவும் சிறிது சேர்த்து, கட்டியைத் தொடாமல் முழுமையாக எடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் நடந்ததெல்லாம் நமக்கு எட்டுமா? இறக்குமதி செய்த உலோக எலும்பின் விலை நம் மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது உண்மை. இங்கேதான் சென்னையின் பங்கைச் சொல்ல வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் அதைச் சார்ந்த அரசுப் பொது மருத்துவமனையிலும் எலும்பு அறுவைப் பேராசிரியராக இருந்த மருத்துவர் மயில்வாகனன் நடராஜன், 1980-களின் இறுதியிலிருந்து நம் நாட்டிலேயே செய்த பெருஞ்செயற்கை மூட்டுகளைப் பொருத்தத் தொடங்கினார். நோயாளியின் எக்ஸ்ரே படத்திலிருந்து அளவெடுத்து, அவருக்கென்றே உருவாக்கியவை அவை. நூற்றுக்கணக்கான ஏழைகளின் கால்கள் அரசு மருத்துவமனையிலேயே காக்கப்பட்டன. 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையும் இத்துறையில் பெரும்பணி செய்திருக்கிறது. இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டிய விலைகூடிய மெத்தோடிரெக்சேட் முறையைத் தவிர்த்து, நம் மருத்துவமனைகளுக்கு ஏற்ற மருந்துத் திட்டம் ஒன்றை அங்கே வகுத்தார்கள். ஆராய்ச்சி என்றால் புதியதைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. எளியோர் கைக்கு எட்டும்படி செய்வதும் ஆராய்ச்சிதான்.

உலோக எலும்பு என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் இயற்பியல் ஏராளம். நடக்கும்போது முழங்காலில் விழும் விசை உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு. எலும்பின் யங் குணகம் ஏறத்தாழ 17 கிகா பாஸ்கல், டைட்டேனியக் கலவைக்கு 110, எஃகுக்கு 200. விறைப்பான உலோகத்தண்டை எலும்புக்குள் செருகினால் சுமையைத் தண்டே தாங்கிக்கொள்ளும். சுமையில்லாத எலும்பு மெலிந்து, தண்டு ஆட்டம் காணும். மூட்டு கதவுக் கீல்போல் ஒரே தளத்தில் மடங்குவதாக இருந்தால், கால் திரும்பும்போதெல்லாம் தண்டு முறுக்கப்படும். ஆகவே சற்றே சுழலவும் இடம்தரும் கீலை அமைக்கிறார்கள்.

இப்போது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. பிள்ளை வளர்கிறதே, உலோகம் வளருமா? தொடை எலும்பின் கீழ்முனையிலுள்ள வளர்தட்டு ஆண்டுக்கு 9 முதல் 10 மி.மீ. வரை எலும்பை நீளச் செய்கிறது. பையன்களுக்கு 16 வயது வாக்கில் இது நின்றுவிடும். பத்து வயதுப் பையனிடம் அத்தட்டை எடுத்துவிட்டால், ஆறு ஆண்டுகளில் அந்தக் கால் மற்றதைவிட 5 முதல் 6 செ.மீ. குட்டையாகிவிடும். இதற்கு இங்கிலாந்தில் ஸ்டேன்மோர் என்னுமிடத்தில் கண்ட வழி மிக அழகானது. உலோக எலும்புக்குள் ஒரு சிறு காந்தம், பற்சக்கரப் பெட்டி, திருகு. காலை ஒரு கம்பிச்சுருளுக்குள் நீட்டி உட்கார்ந்தால் போதும். சுழலும் காந்தப்புலம் உள்ளிருக்கும் காந்தத்தை நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும். பற்சக்கரங்கள் அச்சுற்றை 13,061 மடங்கு குறைக்கும். எலும்பு நிமிடத்துக்கு 0.23 மி.மீ. நீளும். கத்தியும் இல்லை, மயக்கமருந்தும் இல்லை. திருகின் புரியிடைத் தூரம் எவ்வளவு என்று இந்த மூன்று எண்களைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 2002 முதல் இது பயன்பாட்டில் உள்ளது. விலைதான் பல லட்சம். மயில்வாகனன்கள் இன்னும் பலர் தேவைப்படும் இடம் இது.

உலோகமே வேண்டாமென்று, நோயுற்ற எலும்பையே திரும்பப் பயன்படுத்தும் முறையும் உண்டு. எலும்பை வெட்டி வெளியே எடுத்து, 50 கிரே கதிர்வீச்சை ஒரே தடவையில் செலுத்தி, மறுபடியும் அதே இடத்தில் பொருத்தி விடுகிறார்கள். உடல் முழுவதும் பட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய அளவைப் போல் பத்து மடங்கு அது. நோயணு ஒன்றுகூட எஞ்சாது. சட்டகம் மட்டும் நிற்கும். அதைப் பற்றிக்கொண்டு புதிய எலும்பு மெல்ல வளரும். மும்பையில் இதைச் செய்கிறார்கள். ஜப்பானின் கனசாவாவில் கதிர்வீச்சுக்குப் பதிலாகத் திரவ நைட்ரஜனில் 20 நிமிடம் அமிழ்த்தி எடுக்கிறார்கள்.

இவ்வளவும் படித்தபின், எப்பாடுபட்டாவது காலைக் காத்தே தீரவேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். முழங்காலுக்குப் பின்னே ஓடும் பெருந்தமனியையும் நரம்பையும் கட்டி சூழ்ந்துவிட்டால், காத்த காலால் பயனிராது, உயிருக்கும் ஆபத்து. உலோகம் பொருத்தியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிற்காலத்தில் சீழ்பிடித்து மறு அறுவை தேவைப்படுகிறது. சில வேளைகளில் கணுக்காலைப் பின்புறமாகத் திருப்பி முழங்காலின் இடத்தில் பொருத்தும் அறுவை, ஓடியாட விரும்பும் சிறு பிள்ளைக்கு இன்னும் நல்லது. பார்க்க விந்தையாக இருக்கும், ஆனால் உறுதியானது. வெட்டுவதே சரி என்று மருத்துவர் சொன்னால் அதுவும் தோல்வியன்று. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் இதே நோயால் 1977-இல் வலக்காலை இழந்து, 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாளில் 5,373 கி.மீ. ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவி 1981-இல் மறைந்தார். நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981-இல் சாலை விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் காலுடன் மீண்டும் மேடையில் ஆடினார். வீட்டார் வெட்ட மறுத்து, பிள்ளையை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புவதுதான் உண்மையான தோல்வி.

ஆகவே தொடக்கத்தில் சொன்ன வாரங்களுக்கே மீண்டும் வருகிறேன். சுளுக்கு வழிப்பவரை நான் குறைகூறவில்லை. சுளுக்குக்கு அவர் போதும். ஆனால் கட்டியுள்ள எலும்பு உள்ளே அரிக்கப்பட்டு மெலிந்திருக்கும். அதை அழுத்தி நீவினால், இழுத்துக் கட்டினால், முறியலாம். முறிந்த இடத்தில் கசியும் குருதியோடு நோயணுக்களும் சுற்றிலுமுள்ள தசைக்குள் பரவும். அதுவரை காக்கத்தக்கதாக இருந்த கால் அன்றே கைநழுவிப் போகலாம். எனவே என் வேண்டுகோள் சிறியது: ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தில், இரவில் எழுப்பும் வலி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வீக்கம் தெரிந்தால், யாரும் கைவைக்குமுன் எக்ஸ்ரே படம் ஒன்று எடுங்கள். கதிர்வீச்சு கெடுதி என்று சிலர் தயங்குகிறார்கள். முழங்கால் எக்ஸ்ரேயில் உடல் பெறும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒரே நாளில் இயல்பாகப் பெறுவதைவிடக் குறைவு.

படத்தில் ஐயம் எழுந்தால், அடுத்த படி சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது. இதையும் அவசரப்பட்டு அருகிலுள்ள இடத்தில் செய்துகொள்ளக் கூடாது. துணுக்கு எடுத்த வழி நெடுகிலும் நோயணு படிந்திருக்கும். பின்னர் அறுவையில் அவ்வழியையும் சேர்த்து எடுக்க வேண்டும். கீறல் தவறான இடத்தில் இருந்தால் எல்லாம் கெட்டது. அமெரிக்காவில் ஹென்றி மேன்கின் 1982-இல் 329 நோயாளிகளை ஆராய்ந்தபோது, துணுக்கெடுத்த பிழையால் மட்டுமே 15 பேர் தேவையின்றிக் காலையோ கையையோ இழந்திருந்தார்கள். அறுவை செய்யப் போகும் குழுவே துணுக்கையும் எடுக்க வேண்டும்.

எங்கே போவது, பணத்துக்கு என்ன செய்வது? எக்ஸ்ரேக்குத் தொலைதூரம் போக வேண்டாம். 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கோ, 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ, வேலூருக்கோ அனுப்புவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவு ஏற்கப்படுகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். நூற்பாலையில் வேலை செய்யும் தாய்க்கு அந்த அட்டையைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிய எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். தலைமுடி கொட்டும்; பின் முளைக்கும். நோயெதிர்ப்பு குறைந்திருக்கும் நாட்களில், சளி பிடித்தவர்கள் பார்க்கப் போகக் கூடாது. பாடக்குறிப்புகளை எழுதிக் கொடுத்தனுப்பலாம். "ஓராண்டு போனால் போகட்டும்" என்று பெயரை நீக்கிவிடுகிற பள்ளிகள் உண்டு. அது தவறு என்பேன்; இடத்தை வைத்திருந்து, தேர்வெழுத வழிசெய்ய வேண்டும். திரும்பி வரும் நண்பன் கபடி ஆட முடியாது, உயரத்திலிருந்து குதிக்கவும் கூடாது. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம். மருத்துவர் அனுமதித்தால் நீந்தலாம், சைக்கிளும் ஓட்டலாம். உடற்பயிற்சி வகுப்பில் அவனைத் தனியே மரத்தடியில் உட்கார வைக்காமல், ஆட்டத்துக்கு நடுவராக நிறுத்தலாம்.